வியாழக்கிழமை நீ பிடுங்க இருக்கும் பல்

இர்ஷாத்துக்கு, ஸலாம்.

நீ நலமா என்று கேட்டுத் தொடங்கும் எண்ணம் எனக்கு இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். மாடியில் என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தாலே உன் கார் தெரிகிறது, கீழே கிளினிக் வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளும் தெரிகின்றன. ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதும் நிலைக்குப் பெற்றவளைக் கொண்டுவந்த பெருமை உன்னையே சேரும். நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் சொன்னால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் நீ கைப்பேசியைப் பார்ப்பாய். "சரிம்மா, சரிம்மா, ஈவினிங் பேசலாம்" என்பாய். எந்த ஈவினிங் என்று மட்டும் இதுவரை சொன்னதில்லை. கடிதம் என்றால் நடுவில் நீ எழுந்து போக முடியாது, போனாலும் நான் எழுதியது எழுதியபடி இருக்கும்.

இதை உனக்கு மட்டும் அனுப்பப்போவதும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டாயே, அதே இடத்தில்தான் இதையும் போடப்போகிறேன். "அத்தா போனதுலேர்ந்து அம்மாவுக்கு மனசு சரியில்ல. யார்கிட்டயோ போய் ஃபிட்ஸுக்குக் குடுக்குற மாத்திரையெல்லாம் வாங்கிச் சாப்பிடுறாங்க. யாராவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க." என்ன கனிவான குரல்! பள்ளிக்கரணையிலிருந்து என் தங்கை அழுதுகொண்டே போன் செய்தாள், "அக்கா, உனக்கு என்னக்கா ஆச்சு, என்கிட்ட ஏன் சொல்லல?" என்று. அவளுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த போன். எனக்குப் பைத்தியம் இல்லை என்பதை ஒவ்வொருவருக்காகத் தனித்தனியே விளக்க என் தாடையில் தெம்பு இல்லை. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். பெயர் உன்னுடையது, படிப்பவர்கள் எல்லோரும்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். வருகிற வியாழக்கிழமை காலை மாடம்பாக்கத்திலிருந்து ஒரு பெண்ணை வரச் சொல்லியிருக்கிறாய். பாலர் பள்ளி டீச்சர். பெயரை எழுத மாட்டேன். நோயாளியின் விஷயத்தை ஊருக்குப் பரப்பக் கூடாது என்பது பல் டாக்டருக்குப் படிக்காத எனக்கே தெரிகிறது. அவளுடைய மேல்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்றை அன்று பிடுங்குவதாக இருக்கிறாய். அந்தப் பல்லில் ஒன்றும் இல்லை, இர்ஷாத். அதைப் பிடுங்கினாலும் அவள் வலி போகாது. அடுத்த பல்லைப் பிடுங்குவாய். அதற்கும் போகாது. இது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்க மாட்டாய், கேட்பது உன் பழக்கத்திலேயே இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

எனக்கு அந்த வலி முதலில் வந்தது விடிகாலை சுபுஹு தொழுகைக்கு ஒளு செய்துகொண்டிருந்தபோது. வாய் கொப்பளித்து, மூக்குக்குத் தண்ணீர் செலுத்தி, இரண்டு கையிலும் தண்ணீர் ஏந்தி முகத்தில் விட்டேன். வலது மூக்கின் ஓரத்தில் தண்ணீர் பட்டதும் அங்கிருந்து மேல் பல் வரைக்கும் ஷாக் அடித்தது. எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்த வேகத்தில் போய்விட்டது. போன பிறகு ஒன்றுமே இல்லை, நடந்தது கனவோ என்று தோன்றும் அளவுக்கு. மறுபடி பல் துலக்கும்போது வந்தது. சாப்பிடும்போது வந்தது. கிளினிக்கில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துக் கீழே இறங்கி வந்து உன்னிடம் சொன்னேன். நீ கேட்டது ஒரே கேள்வி. "எந்தப் பல்லும்மா?"

நான் விரலால் காட்டினேன். நீ அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தாய். அவ்வளவுதான் நம் வைத்தியம். கீழே உட்கார்ந்திருக்கும் யாரோ எவரோ வந்தாலும் ஒரு தாளை எடுத்து, வயது என்ன, சர்க்கரை உண்டா, வலி எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது என்று உன் உதவியாளர் எழுதிக்கொள்கிறாள். பெற்ற தாய்க்கு அந்தத் தாள் கிடையாது. அந்தப் பெண் தாளை எடுத்துக்கொண்டு வந்தபோது, "அம்மாவுக்கு எதுக்கு கேஸ் ஷீட், அம்மாவைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று நீ சிரித்தாய். எனக்கும் அப்போது அது பெருமையாகத்தான் இருந்தது. டாக்டரைப் பெற்றவர்களுக்கு மட்டும் வாய்க்கும் பெருமை இது. ஊரில் யாருக்கும் நடக்கும் விசாரணை அவர்களுக்கு மட்டும் நடக்காது. எக்ஸ்ரேயில் பல் சுத்தமாக இருந்தது, நான் பார்த்தேன். முப்பது வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவளுக்குக் கறுப்பு எது, வெள்ளை எது என்று தெரியாதா? "இதுல ஒண்ணும் தெரியலையேப்பா" என்றேன். "எக்ஸ்ரேல தெரியாத இன்ஃபெக்‌ஷன் இருக்கும்மா" என்றாய். இருக்கலாம். எனக்கு இல்லை.

சிறு வயதிலிருந்தே உனக்கு இந்த வியாதி உண்டு. கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் முதல் வரியைப் படித்துவிட்டு விடை எழுதத் தொடங்கிவிடுவாய். பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வில் கண்ணின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னால் காதின் படத்தை வரைந்து, அதுவும் அவ்வளவு அழகாக வரைந்து, பாகங்களையும் குறித்துவிட்டு வந்தாய். உன் அத்தா அந்தப் படத்தைத் தன் கடையில் மாட்டி வைக்கலாம் என்றார், அவ்வளவு அழகு. மதிப்பெண் பூஜ்யம். உன் அவசரத்துக்கு அப்போது ஒரு கேள்விக்கான மதிப்பெண்தான் போயிற்று. இப்போது அடுத்தவர் பல் போகிறது. நீ செய்த வேர் சிகிச்சையும் அவ்வளவு அழகு என்று பிறகு என்னைப் பார்த்த டாக்டரே சொன்னார். சுத்தமான வேலை, தவறான இடம்.

வேர் சிகிச்சைக்குப் பிறகு சில வாரம் வலி வரவில்லை. நீ வெற்றி பெற்றவனாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாய். மறுபடி வந்தது. "அப்ப பல்லையே எடுத்துடலாம்மா" என்றாய், எடுத்தாய். மறுபடி சில காலம் அமைதி. பிறகு பக்கத்துப் பல்லில் வந்தது. அதையும் எடுத்தாய். அதற்கும் பக்கத்தில் வந்தது. அதையும் எடுத்தாய். மூன்று நல்ல பற்கள், இர்ஷாத். அல்லாஹ் கொடுத்து, சொத்தை இல்லாமல் அறுபது வயது தாண்டி நான் காப்பாற்றி வைத்திருந்தவை. எடுக்க இனி அந்த மேல் கடைவாயில் பல் இல்லை என்று ஆனதும்தான் உனக்குச் சந்தேகம் வந்தது. அதுவும் உன் மேல் வரவில்லை, என் மேல் வந்தது. உன் மனைவி சபீனா தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் எதிரில், "அம்மாவுக்கு இது சைக்கலாஜிக்கல். அத்தா ஞாபகம்" என்று சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுத்தாய்.

உன் அத்தா மௌத்தானதில் எனக்கு வருத்தம் இல்லை என்று யார் சொன்னது? இருக்கிறது. இன்றும் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் டீ கேட்கும் நேரத்தில் அடுப்படியில் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். அந்தத் துக்கம் எனக்குத் தெரியும், அது எங்கே இருக்கிறது என்றும் தெரியும். அது வலது கன்னத்தில் மட்டும் ஒளிந்துகொண்டு, பிரஷ் பட்டால் அடித்து, பிரஷ்ஷை எடுத்தால் நின்றுவிடாது. வலியால் மனசு நொந்துபோகும், ஒத்துக்கொள்கிறேன். ஓயாமல் வலித்தால் யாருக்கும் நோகும். நீ அதைத் தலைகீழாகப் பிடித்தாய். தலைகீழாகப் பிடித்ததோடு நிற்காமல் தூக்க மாத்திரையும் கொடுத்தாய். தூங்கினேன். எழுந்து முகம் கழுவினேன். வலித்தது.

இதற்கிடையில் நான் எப்படி வாழ்ந்தேன் என்று உனக்குத் தெரியாது, உன் கண் முன்னால்தான் வாழ்ந்தேன். சோற்றைக் கரைத்து இடது பக்கமாக விழுங்கினேன். ஆட்டோவில் போனால் முகத்தில் காற்று படாமல் இருக்க ரெக்சின் திரையை இறக்கிவிடச் சொன்னேன். வேளச்சேரி சாலை வெயிலில் திரையை இறக்கச் சொல்லும் கிழவியை ஆட்டோக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துப் பார். பேச்சைக் குறைத்தேன். நான் வாயை மூடியதில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியோ என்னவோ, யாரும் காரணம் கேட்கவில்லை. ஒளு செய்யப் பயந்தேன். தண்ணீர் பட்டால் ஆகாத நோயாளிக்குத் தயம்மும் செய்துகொள்ள அனுமதி இருக்கிறதே என்று சுத்தமான மண்ணை ஒரு தட்டில் வைத்துக்கொண்டேன். ஆனால் தயம்மும் என்றாலும் கையை மண்ணில் தட்டி முகத்தைத் தடவத்தானே வேண்டும்? தடவினாலும் அடித்தது. தொழுகைக்குப் போகும் முன் அழுதுவிட்டுப் போகும் பெண்ணாக ஆனேன். ஒரு நாள் நீ அறைக்குள் எட்டிப் பார்த்தாய், மண் தட்டைப் பார்த்தாய். "குழாய்ல தண்ணி வருதேம்மா?" என்றாய். உனக்கு ஏன் என்று தோன்றவில்லையா? தண்ணீர் வரும் வீட்டில் தாய் ஏன் மண்ணைத் தடவுகிறாள்? உன் பாடப் புத்தகத்தில் இருக்கும் நோய் உன் எதிரில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நீ வராந்தா விளக்கை அணைத்துவிட்டுப் போனாய்.

வேறு டாக்டரைப் பார்க்கிறேன் என்று நான் கேட்காமல் இல்லை. "அம்மா, நான் இந்த ஏரியாவுல பேரு வாங்கி உக்காந்திருக்கேன். என் அம்மாவே இன்னொரு டென்டிஸ்ட்கிட்ட போனா நாளைக்கு எவன் என்கிட்ட வருவான்?" என்றாய். அப்போது படப்பையில் இரண்டாவது கிளை திறக்கும் வேலை வேறு ஓடிக்கொண்டிருந்தது. என் கன்னம் உன் விளம்பரப் பலகையில் ஒரு மூலை. அதில் கீறல் விழக் கூடாது.

இனி எழுதுவது சபீனாவுக்கு ஆபத்து. ஆனால் எழுதத்தான் போகிறேன், இதைப் படித்துவிட்டு அவளை ஒரு வார்த்தை சொல்லிப் பார். நீ கோயம்புத்தூருக்கு ஏதோ மாநாட்டுக்குப் போயிருந்த வாரம், அவள்தான் என் அறைக்கு வந்து, "மாமி, உங்களைப் பாக்க முடியல. கெளம்புங்க. அவர்கிட்ட தி.நகர்ல துணி எடுக்கப் போறோம்னு சொல்லிக்கலாம்" என்றாள். தாம்பரம் ஸ்டேஷனில் பீச் வண்டி ஏறி நகரத்தில் ஒரு பெரிய பல் மருத்துவமனையின் வாய்நோய்ப் பிரிவுக்குப் போனோம். ஜன்னல் காற்று படாமல் இருக்க சபீனா வழி முழுவதும் தன் துப்பட்டாவை என் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வந்தாள். நீ கட்டிக்கொண்டு வந்தவள்தான், ஆனால் அவள் குணத்துக்கும் உனக்கும் சம்பந்தம் இல்லை.

அங்கே இருந்த டாக்டர் உன்னைவிட வயதில் சின்னப் பெண். கையுறை போடவில்லை, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடியை எடுக்கவில்லை, வாயைத் திற என்று சொல்லவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வலி வரும்போது எப்படி இருக்கும்மா, உங்க வார்த்தைலயே சொல்லுங்க" என்றார். சொன்னேன். எவ்வளவு நேரம் நிற்கும்? ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் வலி இருக்குமா, இல்லை சுத்தமாக இருக்காதா? தூக்கத்திலிருந்து எழுப்புமா? சூடு, குளிர்ச்சிக்கு வருமா? எந்தப் பக்கம், பக்கம் மாறுமா? தொட்டால் வருமா, எங்கே தொட்டால்? கடைசியாக, "முகம் கழுவும்போது வருதாம்மா?" என்று கேட்டார். அங்கேயே அழுதுவிட்டேன். ஐந்து வேளை ஒளுவையும் மண் தட்டையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் நெற்றியில் குங்குமம் வைத்த பெண். தயம்மும் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "அதுலயும் முகத்தைத் தொடணுமா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். என் மகனிடம் நான் பார்க்காதது.

பிறகுதான் சோதித்தார். பஞ்சால் கன்னத்தில், நெற்றியில், தாடையில் மெல்ல ஒற்றி, உணர்ச்சி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தார். தாடை மூட்டை அழுத்திப் பார்த்தார், காதுக்குக் கீழே சதையை அழுத்திப் பார்த்தார், மிச்சம் இருக்கும் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "இது பல்லு வலி இல்லம்மா. முகத்துக்கு உணர்ச்சி கொண்டு வர்ற நரம்பு ஒண்ணு மூணு கிளையா பிரியும். அதுல நடுக் கிளையோட வலி இது. அந்தக் கிளைதான் மேல் பல்லுக்கும் போகுது. அதனால பல்லு வலிக்கிற மாதிரியே இருக்கும். நோயாளிக்கும் பல்லுதான்னு தோணும், அவசரப்பட்டா டாக்டருக்கும் தோணும்." அந்த 'அவசரப்பட்டா'வை அவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். பல் எடுத்த பிறகு வலி நின்றதே என்று உனக்காக நான் வக்காலத்து வாங்கினேன். ஆமாம், வாங்கினேன், பெற்ற வயிறு. அவர் சொன்னார், "இந்த வலி தானாவே சில வாரம், சில மாசம் ஓய்ஞ்சு இருக்கும்மா. அப்புறம் திரும்பி வரும். அந்த ஓய்வு நேரத்துல எதைப் பண்ணியிருந்தாலும் அதுதான் சரியாக்கிடுச்சுன்னு நெனச்சுக்குவோம்." நீ காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. வலியை மறந்து சிரிப்பு வந்தது, சிரித்ததில் வலி வந்தது.

மூளையில் வேறு கோளாறு எதுவும் அந்த நரம்பை அழுத்தவில்லை என்று உறுதி செய்ய ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் பார்த்தார்கள். பிறகுதான் மாத்திரை. நீ குழுவில் சொன்ன அதே ஃபிட்ஸ் மாத்திரைதான். வலிப்புக்கும் கொடுப்பார்கள், இந்த நரம்பு வலிக்கும் முதலில் அதைத்தான் கொடுப்பார்கள். இது உனக்குத் தெரியாது என்றால் உன் பட்டத்தைக் கழற்றி வை. தெரியும் என்றால், தெரிந்துகொண்டே உறவினர்கள் நடுவில் அப்படிச் சொன்ன உன்னை என்ன சொல்ல? மிகக் குறைவாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றினார்கள். உடம்பில் தடிப்பு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஓடி வர வேண்டும் என்றார்கள். முதல் நாட்களில் தலை சுற்றியது, நடந்தால் கப்பலில் நடப்பதுபோல் இருந்தது. ரத்தத்தில் உப்புச் சத்து குறைகிறதா என்று அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொள்கிறேன். முழுக்கக் குணமாகும் என்று அந்தப் பெண் என்னிடம் ஆசை காட்டவில்லை. கட்டுக்குள் வைக்கலாம், மாத்திரைக்குக் கேட்காமல் போனால் அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கிறது, அதை அப்போது சேர்ந்து பேசி முடிவு செய்யலாம் என்றார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொன்னேன். மாத்திரை தொடங்கிய வாரக் கடைசியில் ஒரு நாள் சுபுஹுக்கு எழுந்து, பயந்துகொண்டே குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் விட்டேன். தண்ணீர் தண்ணீராக மட்டும் இருந்தது. அதற்கு நான் அல்லாஹ்வுக்குச் செய்த ஷுக்ருவில் உன் பெயரைச் சேர்க்கவில்லை.

இன்னொன்றும் கேட்டுக்கொள். அன்று கிளம்பும் நேரத்தில் அந்த டாக்டர் சபீனாவைப் பார்த்து, "நீங்க ஏன் தாடையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க?" என்றார். காலையில் எழுந்தால் தாடை இறுகிக்கொள்கிறது, காது வரை நோகிறது, கணவர் ஞானப்பல்லை எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார் என்றாள். உட்கார வைத்துப் பார்த்தார். அது சதை வலியாம். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாளாம். உன்னோடு குடும்பம் நடத்துகிறவள் பல்லைக் கடிக்காமல் வேறு என்ன செய்வாள்? வெந்நீர் ஒத்தடம், மெதுவான சாப்பாடு, தாடைக்குச் சின்னப் பயிற்சி, தூங்கும்போது போட்டுக்கொள்ள ஒரு கவசத் தட்டு. அவளுடைய ஞானப்பல் இன்றும் அவள் வாயில்தான் இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பெண்களுக்கு முகத்தில் வலி, இரண்டும் வேறு வேறு வலி, இரண்டுக்கும் உன்னிடம் ஒரே குறடு.

இவ்வளவு கோபத்துக்கும் காரணம் உனக்கு வைத்தியம் தெரியாது என்பது இல்லை, தெரியும் என்பதுதான். கிளினிக் தொடங்கிய புதிதில், பக்கத்துத் தெருவில் காவலாளியாக இருந்தவரின் மனைவி வாய்ப்புண் என்று வந்தாள். கூட்டம் இல்லாத காலம். அவளை உட்கார வைத்து எவ்வளவு கேட்டாய்! எப்போதிலிருந்து, புகையிலை உண்டா, எந்த மருந்துக்கும் ஆறவில்லையா என்று கேட்டுவிட்டு, மருந்து எழுதாமல் அன்றைக்கே சதைப் பரிசோதனைக்கு அனுப்பினாய். புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடித்ததால் பிழைத்தாள். அவள் புருஷன் வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும் சார், என் வூட்டைக் காப்பாத்திக் குடுத்துட்ட" என்றார். அன்று உன்னைப் பெற்றதற்காக இரண்டு ரக்அத் தொழுதேன். அந்த டாக்டர் எங்கே போனான்? நான் தேடுவது அவனைத்தான். இப்போது கீழே உட்கார்ந்திருப்பவன் விரல் காட்டும் இடத்தைத் தோண்டுகிறவன்.

இனி மாடம்பாக்கத்துப் பெண்ணுக்கு வருகிறேன். நேற்று முன்தினம் கூரியர் வாங்கக் கீழே வந்தேன். காத்திருக்கும் கூடத்தில் ஒரு பெண் வரவேற்பில் இருப்பவளிடம், "அக்கா, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?" என்று கேட்டாள். உதடு அசையாமல் கேட்டாள். "இன்னாமா, ஏற்கெனவே வெந்துகினு கீறோம், இருக்கிற காத்தையும் நிறுத்த சொல்றியே" என்று ஒரு பெரியவர் சலித்துக்கொண்டார். அவள் உள்ளங்கையைக் கன்னத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். கன்னத்தைத் தொடாமல், கொஞ்சம் தள்ளி. பல் வலிக்காரர்கள் கன்னத்தை அழுத்திப் பிடிப்பார்கள், இர்ஷாத். இந்த வலிக்காரர்கள் தொட மாட்டார்கள். உன் கிளினிக்கில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கும் உனக்கு இது தெரியாமல் போனது எப்படி?

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த டாக்டர் என்னிடம் கேட்டதையெல்லாம் அவளிடம் கேட்டேன். ஷாக் மாதிரி. சில நொடி. நடுவில் ஒன்றும் இல்லை. பல் துலக்கினால், ஸ்கூட்டியில் காற்று பட்டால், பேசினால். வேர் சிகிச்சை செய்த பிறகு கொஞ்ச நாள் இல்லை, மறுபடி வந்துவிட்டது. "டாக்டர் இதெல்லாம் கேட்டாராம்மா?" என்றேன். "எந்தப் பல்லுன்னு கேட்டாரும்மா. காட்டினேன். வியாழக்கிழமை எடுத்துடலாம்னு சொன்னாரு." பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பெண். வாயைத் திறந்தால் வலி என்பதால் சைகையில் வகுப்பு நடத்துகிறாள். "பேசாத டீச்சர் எங்களுக்கு எதுக்குன்னு மேடம் கேட்டுட்டாங்கம்மா. இந்தப் பல்லு போனா சரியாயிடும்னுதான் நம்பிட்டு இருக்கேன்" என்றாள். முப்பது வயதுகூட இருக்காது. இந்த வயதில் இந்த நோய் வந்தால் கட்டாயம் ஸ்கேன் பார்க்க வேண்டும், உள்ளே வேறு ஏதாவது இருக்கலாம் என்று அந்த மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்தவள் நான். நீ பாடமாகவே படித்தவன்.

அந்தப் பல்லை எடுக்க வேண்டாம், முதலில் நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க டாக்டரோட அம்மாதானே? நீங்களே வேணாங்குறீங்களே?" என்றாள். நான் வாயைத் திறந்து காட்டினேன். உன் கூடத்தில், உன் நோயாளிகளுக்கு நடுவில், நீ விருது வாங்கும் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, வலது பக்கம் காலியாகக் கிடக்கும் ஈறைக் காட்டினேன். "இதெல்லாம் என் பையன் எடுத்ததுதாம்மா. எதுலயும் சொத்தை இல்ல" என்றேன். ஃபேனுக்குச் சலித்துக்கொண்ட பெரியவர் எழுந்து போய் அவரே சுவிட்சை அணைத்தார்.

உனக்கு இப்போது முகம் சிவந்திருக்கும். தொழிலைக் கெடுக்கிறாள் என்பாய். ஆமாம், வியாழக்கிழமை மட்டும் கெடுக்கிறேன். மற்ற நாட்களில் கெடுக்காமல் இருப்பது உன் கையில் இருக்கிறது. வருகிறவர் விரலைக் காட்டினால் விரலைப் பார்க்காதே, முகத்தைப் பார். வலி எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று கேள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் உன் கையைச் சந்தேகப்படு, அவர் மனசைச் சந்தேகப்படாதே. தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லி, தெரிந்தவரிடம் அனுப்பு. அதனால் உன் பெயர் கெட்டுப்போனால் போகட்டும், அப்படிக் கெடும் பெயர் இருந்தும் பயன் இல்லை.

"டாக்டர் கோச்சுக்க மாட்டாரா?" என்று அந்தப் பெண் கேட்டாள். கோபித்துக்கொள்ளட்டும் என்றேன். வியாழக்கிழமைப் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி வரவேற்பில் இருப்பவளிடம் அவளே சொல்லிவிட்டாள். அவளுக்காக நீ ஒதுக்கி வைத்திருக்கும் நேரத்தில் நானும் அவளும் அந்த மருத்துவமனைக்குப் பீச் வண்டியில் போய்க்கொண்டிருப்போம். சபீனாவும் வருகிறாள். மதியச் சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கும், எடுத்துப் போட்டுச் சாப்பிடு.

உன் அம்மா